மேற்கு எந்தப் பக்கம்?

1

ஒரு நாளைக்கு நூறு தடவையாவது ‘சாப்பாட்டுக்கு முன்’, ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று சொல்லிப் பிழைப்பு நடத்துகிறவள் நான். இங்கிலாந்தின் வடக்கே, பெயர் சொன்னால் நம் ஊரில் யாருக்கும் தெரியாத ஒரு சின்ன ஊரில் மருந்துக்கடை வேலை. மாத்திரை டப்பாவில் ஒட்டுகிற சீட்டில் மருந்தின் பெயர்தான் நீளமாக இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. ஆளைத் தேற்றுவதும் படுக்க வைப்பதும் அதற்குக் கீழே இருக்கிற குட்டி வார்த்தைகள். முன், பின், உடன், இல்லாமல். அந்த விஷயத்தில் என்னைக் குறை சொல்ல இங்கே ஆள் கிடையாது. இதை முதலிலேயே சொல்லி வைத்துக்கொள்கிறேன். இனிமேல் எழுதப்போவதில் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இருக்காது.

போன நவம்பரில் அத்தா இங்கே வந்தார். எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். ராஜபாளையத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். அம்மா மௌத்தாகிப் போய்ச் சேர்ந்த பிறகு கடையை விட்டுவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அக்கா வீட்டோடு போய்விட்டார். அவருக்கு விசா எடுப்பதற்குள் எனக்குப் பாதி முடி நரைத்தது. பள்ளிச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுப் பக்கத்தில் ஒரு வக்கீலிடம் சத்தியப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

“நாந்தான் நானுன்னு எழுதிக் குடுக்க எழுவது வயசுல வரிசையில நின்னுருக்கேன்” என்று அன்றைக்குப் போனில் சிரித்தார்.

இங்கே விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கிற பெண், யாரிடம் தங்கப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அத்தா விமானத்தில் ஏறியதிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொல்லியிருக்கிறார். “ஐ ஆம் ஸ்டேயிங் இன் மை டாட்டர்.” அந்தப் பெண் சிரித்துவிட்டு முத்திரை குத்தி அனுப்பிவிட்டாள். அவள் சிரித்தது இவருக்கு உள்ளே தைத்துவிட்டது. வெளியே வந்ததும் வராததுமாக, என்னைக் கட்டிப் பிடிப்பதற்கு முன்னாலேயே கேட்டார்.

“ஏம்மா, இன் மை டாட்டர்னா தப்பா?”

மகளுக்குள்ளே தங்கப் போகிறேன் என்று அர்த்தம் வரும், ‘வித்’ என்று சொல்ல வேண்டும் என்றேன்.

“மகள்ட்ட இருக்கப் போறேன்னுதான சொன்னேன்? மகள்ட்டன்னா அதுல வீடும் வந்துருதுல்ல?”

பின்சீட்டில் என் மகள் அஃப்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். பதினோரு வயது, இங்கேயே பிறந்தவள். நானும் சிரித்தேன். அத்தா சிரிக்கவில்லை. வீடு வருகிற வரைக்கும் வாய்க்குள்ளே ‘வித், வித்’ என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

2

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இடம் வலம் சரியாக வராது. இதை நான் இங்கே வந்த பிறகுதான் கவனித்தேன். ராஜபாளையத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் மேற்கே மலை தெரியும். அதனால் திசை தெரியாத ஆள் ஊரில் கிடையாது. வழி கேட்டால் “இப்டியே வடக்க போயி, மேக்க திரும்பு” என்பார்கள். தெருவோடு நிற்காது, வீட்டுக்குள்ளேயும் அப்படித்தான். அத்தா கடையில் பையன்களுக்குக் கட்டளை போடுவது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “ஏலே, தெக்குச் சொவரு, ரெண்டாவது தட்டு, கெழக்க ஓரத்துல இருக்க குத்துப்போணிய எடு.” சாப்பிட உட்கார்ந்தால் அம்மா அக்காவிடம், “செத்த வடக்க தள்ளி உக்காரு, தங்கச்சிக்கு எடம் விடு” என்பாள். இங்கே வந்து கார் ஓட்டப் பழகியபோது, சொல்லிக்கொடுத்தவர் இடது பக்கம் திருப்பச் சொன்னால் நான் ஒரு நொடி கையைப் பார்த்துக்கொள்வேன்.

தொழுகைக்கும் அதே மலைதான் கணக்கு. மக்கா இருக்கிற திசையைக் கிப்லா என்று பள்ளிவாசலில் சொல்வார்கள், வீட்டில் யாரும் அந்த வார்த்தையைத் தேடிப் போவதில்லை. ‘மேக்க பாத்து நில்லு’ என்பார்கள், அவ்வளவுதான். மலைக்குப் பின்னால்தான் மக்கா இருக்கிறது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். மலையைத் தாண்டினால் கேரளம்தான் வரும் என்று பள்ளிக்கூடத்தில் தெரிந்த அன்றைக்கு எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

அத்தா வந்த முதல் நாள் சாயங்காலம் அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே ஒரே மப்பு. இங்கே நவம்பரில் சூரியன் என்பது சொல்லிக் கேள்விப்படுகிற சமாச்சாரம்தான். அவர் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்துவிட்டு, பெட்டியிலிருந்து எடுத்த முஸல்லாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். மெரூன் நிறத்தில் வெல்வெட் தொழுகை விரிப்பு. அம்மாவும் அவரும் ஹஜ்ஜுக்குப் போனபோது வாங்கியது.

“ஏம்மா, இங்க மேக்கு எந்தப் பக்கம்?”

நான் திரும்பக்கூட இல்லை. கரண்டியாலேயே முன்னறை ஜன்னலைக் காட்டினேன். “அந்தா, அந்த ஜன்னல் பக்கம்த்தா.”

தப்பாகச் சொல்லவில்லை. மேற்கு அதுதான். கோடையில் பார்த்தால் அந்த ஜன்னலில்தான் சூரியன் விழும். அத்தா தேங்க்ஸ் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போய், ஜன்னலைப் பார்த்து முஸல்லாவை விரித்தார்.

இங்கிலாந்து மக்காவுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று உலகப் படத்தை ஒரு தடவை மனதில் கொண்டுவந்திருந்தால் போதும். எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இந்த வீட்டுக்குக் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஆறு வருஷத்தில் எந்தப் பக்கம் பார்த்துத் தொழுவது என்று யோசிக்க எனக்கு ஒரு தேவையும் வரவில்லை. என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். அவர் மேல் பழி போட வழியில்லை.

போனில் அத்தா கேட்பார், “தொழுதியாம்மா?” என்று. “தொழுதேன்த்தா” என்பேன். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்று சொல்வதைப் போல அது பாட்டுக்கு வாயில் வந்துவிடும்.

3

இங்கிலீஷ் படிக்க வேண்டும் என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார். எங்கள் ஊர் நூலகத்தில் வாரம் இரண்டு நாள், வெளிநாட்டுக்காரர்களுக்கு இலவசமாகப் பாடம் நடக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா நடத்துகிறார். மூன்று மாதம் இருக்க வந்தவருக்கு இது எதற்கு என்று நான் கேட்டேன்.

“போறப்ப அந்தப் பாஸ்போர்ட்டுப் புள்ள திரும்பியும் கேப்பாள்ல. எங்க இருந்தீகன்னு” என்றார்.

போகும்போது யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொல்ல மனசு வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கொண்டுவந்த பால்கோவாவில் ஒரு டப்பாவை டீச்சரம்மாவுக்குக் கொடுத்து மாணவராகச் சேர்ந்துவிட்டார்.

முதல் பாடமே அவருக்கு வேண்டியதுதான். ஒரு காகிதத்தில் பூனையும் பெட்டியும் படமாக இருக்கும். பூனை பெட்டிக்குள்ளே, பெட்டிமேலே, பெட்டிக்கு அடியில், பெட்டிக்குப் பின்னால். படத்துக்கு ஒரு வார்த்தை. அத்தா சாப்பாட்டு மேசையில் அதைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“ஒரு பூனைய எம்புட்டுப் பாடு படுத்துறாக பாரு” என்றார் ஒரு நாள். பிறகு, கடையில் கணக்குப் பார்த்த மூளை இல்லையா, அதைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

“நம்ம மேசை மேலங்கிறோம். நம்மூர் எதிர்வீட்டுத் தெலுங்குல ‘பல்ல மீத’ம்பாக. நமக்கும் அவியளுக்கும் மொத சாமான், பொறவு எடம். மேசைன்னு சொன்னவொடனே மேசைய பாத்துருவேன், அதுக்குப் பொறவு மேலயா கீழயான்னு தேடுவேன். இவிய மொதல்லயே மேலன்னு சொல்லிர்றாக. எதுக்கு மேலன்னு தெரியாம அந்தரத்துல நிக்க வேண்டியிருக்கு.”

“பழகிரும்த்தா” என்றேன். நான் அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

அஃப்ராதான் அவருக்கு உண்மையான வாத்தியார். அவளுக்குத் தமிழ் புரியும், பேசச் சொன்னால் இங்கிலீஷில் பதில் வரும். என்னிடம் அப்படிப் பேசினால் திட்டுவேன், அதனால் என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டுவிட்டாள். நன்னாவிடம் அவளுக்கு அந்தப் பயம் இல்லை. அவள் அவரை நன்னா என்று கூப்பிடுவாள், அது ஒன்றுதான் என்னிடமிருந்து அவளுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த வார்த்தை. அவர் தப்பாகச் சொன்னால் அவள் சிரிப்பாள். அவள் தமிழைத் தப்பாகச் சொன்னால் அவர் சிரிப்பார். “ஏட்டி, நன்னாவுக்கு அடியில இல்லட்டி, நன்னா பக்கத்துல” என்பார். மருந்துக்கடையிலிருந்து நான் களைத்து வரும்போது அவர்கள் இரண்டு பேரும் உள்ளே கும்மாளம் போட்டுக்கொண்டிருப்பார்கள். என் வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு வீடு நடப்பது போல இருக்கும்.

வெள்ளிக்கிழமை நான் விடுப்புப் போட்டு அவரைக் காரில் பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போனேன். பழைய கிடங்கு ஒன்றைப் பள்ளிவாசலாக மாற்றியிருக்கிறார்கள். உள்ளே கம்பளத்தில் கோடு போட்டிருக்கும், கோட்டின் மேல் நின்றால் போதும், திசை பார்க்க வேண்டியதில்லை. திரும்பி வரும்போது அத்தா ஜன்னல் வழியாக வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“நாலு திருப்பம் திரும்புனவொடனே எனக்குத் தெச போயிருச்சும்மா. ஒரு மலகூட இல்ல. எப்டி இருக்கீக இங்க?”

நான் அடுத்த திருப்பத்துக்கு இண்டிகேட்டர் போட்டேன்.

4

அவர் வந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். டீச்சரம்மா கொடுத்தனுப்பிய வீட்டுப்பாடம் இதுதான்: வீட்டில் ஏதாவது ஓர் இடத்தில் நின்றுகொண்டு, சுற்றிலும் என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லிப் பழக வேண்டும். அத்தா மத்தியானத் தொழுகையான லுஹரை முடித்திருந்தார். முஸல்லாவின் ஒரு முனையை மட்டும் மடித்து வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டார். எங்கள் வீடுகளில் தொழுது முடித்தால் முஸல்லாவின் ஒரு முனையையாவது மடித்துவிட வேண்டும். முழுசாக விரித்தே போட்டால் சைத்தான் வந்து தொழுவான் என்று அம்மா மிரட்டுவாள்.

அஃப்ரா சோபாவின் கைப்பிடியில் ஏறி உட்கார்ந்து கேள்வி கேட்டாள். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

“வாட் இஸ் இன் ஃப்ரண்ட் ஆஃப் யூ, நன்னா?”

“விண்டோ இஸ் இன் ஃப்ரண்ட் ஆஃப் மீ.”

“வாட் இஸ் பிஹைண்ட் யூ?”

“டிவி இஸ் பிஹைண்ட் மீ. கிச்சன் இஸ் பிஹைண்ட் மீ. மை டாட்டர் இஸ் இன் த கிச்சன்.” ‘இன்’ சரியான இடத்தில் விழுந்ததில் அவருக்கே சந்தோஷம். எனக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

“வெரி குட். இன்னும் ஒண்ணு.”

அத்தா கொஞ்சம் யோசித்தார். பிறகு, பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த பிள்ளையைப் போலச் சொன்னார். “மக்கா இஸ் இன் ஃப்ரண்ட் ஆஃப் மீ.”

“நோ, நன்னா” என்றாள் அஃப்ரா. பூனையும் பெட்டியும் பாடத்தில் திருத்துகிற அதே குரல். “மக்கா இஸ் பிஹைண்ட் யூ.”

கத்தியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். அவள் கையை நீட்டி எங்கள் டிவி இருக்கிற மூலையைக் காட்டிக்கொண்டிருந்தாள். இதே தெருவில், எங்கள் வரிசையிலேயே அவளுடைய தோழி வீடு. இதே அமைப்பு, இதே ஜன்னல். அந்த வீட்டில் எல்லோரும் ஜன்னலுக்கு முதுகு காட்டி, அந்த மூலையைப் பார்த்துத்தான் தொழுவார்களாம். இதை இங்கிலீஷில் மளமளவென்று சொன்னாள். அத்தாவுக்கு முழுசாகப் புரிந்திருக்காது. கை காட்டிய திசை புரிந்தது.

அவர் மெதுவாகத் திரும்பினார். திரும்பினால் அங்கே நான் நிற்கிறேன். என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தார். உலகப் படத்தை அவர் மனதில் விரித்துக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. நான் விரிக்காத படம்.

பிறகு அவர் செய்ததை என்னால் மறக்க முடியாது. மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பி, முன்பு நின்ற மாதிரியே நின்று, சரியான விடையை ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

“மக்கா இஸ் பிஹைண்ட் மீ.”

“கரெக்ட்!” என்றாள் அஃப்ரா. எழுந்து வந்து அவர் உள்ளங்கையில் தட்டினாள். அவரும் கையை நீட்டிக் கொடுத்தார்.

சாயங்காலம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, தெரிந்திருந்தால் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். கோபத்தில்தான் கேட்டேன். யார் மேல் கோபம் என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

அவள் தோளைக் குலுக்கினாள். “உங்க ஊர்ல அப்படித்தான்னு நெனச்சேன்” என்றாள், தமிழில்.

5

நான் எதிர்பார்த்தது ஒரு கேள்வி. ‘ஏம்மா, நீ எந்தப் பக்கம் பாத்துத் தொழுற?’ என்று. அதற்கு ஒரு பொய்யைத் தயார் பண்ணிக்கூட வைத்திருந்தேன். வேலையிடத்தில் தனி அறை இருக்கிறது, அங்கேதான் தொழுவது வழக்கம் என்று. அவர் கேட்கவில்லை. “டிவிய செத்த நகட்டலாமா?” என்று மட்டும் கேட்டார். நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நகர்த்தினோம். அது இருந்த இடத்தில் ஆறு வருஷத்துத் தூசி. அவர் துணி எடுத்து வந்து துடைத்துவிட்டு, முஸல்லாவை அந்த மூலையைப் பார்த்துப் போட்டார்.

மறுநாளிலிருந்து அவர் தொழுகை நீண்டுகொண்டே போனது. பிற்பகலில் அஸர் தொழுது முடித்து எழுந்திருப்பார், மறுபடியும் கையைக் கட்டி நிற்பார். திசை மாறித் தொழுததையெல்லாம் கழாவாகத் திரும்பத் தொழுகிறார் என்று எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. முழங்கால் வலி உள்ள மனிதர். தைலம் தேய்க்காமல் படுக்க மாட்டார். ஒவ்வொரு தடவையும் எழுந்திருக்கும்போது சோபாவைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து என்னால் பொறுக்க முடியவில்லை.

“போதும்த்தா. தெரியாமச் செஞ்சதுக்குத் திருப்பித் தொழ வேண்டியதில்லன்னு பள்ளிவாசல் அசரத்தே சொல்லுவாக.”

“தெரியாமச் செஞ்சா இல்லதான்” என்றார். முட்டியைத் தேய்த்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். “விசாரிச்சுப் பாத்துட்டுத் தப்பாப் போனா ஒண்ணுமில்ல. நான் விசாரிக்கல. மேக்கு எதுன்னுல்ல கேட்டேன். நீ மேக்கச் சரியாத்தான் காட்டுன. கேட்டதுக்குப் பதிலு சொல்லிருக்க. உம்மேல என்ன தப்பு இருக்கு?”

அவர் என்னை விடுவிக்கத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு அது முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. தொழுகிறவளாக இருந்திருந்தால் அன்றைக்கு அடுப்படியிலிருந்து திரும்பி, ‘மேக்கு எதுக்குத்தா உங்களுக்கு? இங்க கிப்லா வேற பக்கம்’ என்று சொல்லியிருப்பேன். இது எனக்குத் தெரிகிறபோது, எங்கே எது தேயும் என்று பாத்திரத்தைத் தட்டிப் பார்த்தே சொல்கிற அவருக்கா தெரியாது? தெரிந்துதான் அந்தப் பக்கம் போகாமல் விட்டார். திட்டியிருக்கலாம். அம்மா உயிரோடு இருந்திருந்தால் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருப்பாள், நானும் பதிலுக்குக் கத்திவிட்டு அழுது ஓய்ந்திருப்பேன்.

பிறகு வேறு எதையோ கேட்பது போலக் கேட்டார்.

“இங்க ஒருத்தவுக மௌத்தானா, கபர்ல எந்தப் பக்கம் பாத்து வைப்பாக?”

“தெரியலத்தா.”

“உங்கம்மாவ மேக்க பாத்து வச்சோம். மலயப் பாத்தாப்புல.” ராஜபாளையம் மையவாடியில் அம்மாவை அடக்கம் செய்தபோது நான் இங்கே இருந்தேன். டிக்கெட் கிடைக்கவில்லை. “இங்க கெழக்கயும் தெக்கயும் பாத்து வைப்பாக போல. எங்க கெடந்தாலும் பாக்குறது ஒரே எடந்தான?”

என்னை இங்கேதான் அடக்கம் செய்வார்கள் என்று அவர் முடிவு செய்துவிட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாம்பாருக்குப் புளி ஊறப்போட வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

6

பிப்ரவரியில் ஊருக்குக் கிளம்பினார். டீச்சரம்மா அட்டையில் வாழ்த்து எழுதிக் கொடுத்தார். அத்தா பதிலுக்கு, “ஐ வாஸ் ஹாப்பி வித் யூ, அட் திஸ் லைப்ரரி, இன் திஸ் கோல்ட்” என்று ஒரே மூச்சில் சொன்னாராம். மூன்றும் சரி. அஃப்ராதான் வந்து சொன்னாள், அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு, முஸல்லாவின் வலது முனையை மடித்தார். அதைச் சுருட்டிப் பெட்டியில் வைக்க நான் குனிந்தேன்.

“எடுக்காதம்மா. கெடக்கட்டும்.”

“உங்களுக்கு வேணாமாத்தா? அம்மாவோட வாங்குனது.”

“அங்க பள்ளிவாசல் பக்கத்துல இருக்கு, உங்கக்கா வீட்லயும் ரெண்டு இருக்கு. இங்க கெடந்தா, அடுத்த தடவ வாரப்ப கேக்காம தொழலாம்ல.”

கார் ஏறும்போது அஃப்ரா அழுதாள். எங்கள் ஊர்க்காரர்கள் மாதிரி ‘போயிட்டு வாரேன்’ சொல்லத் தெரியாமல் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அழவில்லை. சாலையில் பனி உறைந்து கிடந்தது, வண்டி ஓட்ட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் போனதற்கப்புறம் இந்த முஸல்லா முன்னறையில் அப்படியே கிடக்கிறது. டிவி பழைய மூலைக்குத் திரும்பவில்லை. கூட்டும்போது அதைச் சுற்றிக் கூட்டுவேன். அஃப்ரா அதைத் தாண்டாமல் ஒதுங்கிப் போவாள், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சில நாள் வேலை முடிந்து வந்து அதன் எதிரே சோபாவில் உட்கார்ந்திருப்பேன். தொழ வேண்டும் என்று தோன்றும். இத்தனை வருஷம் கழித்து, அத்தாவுக்குப் பயந்து நின்றால் அது என்ன தொழுகை என்றும் தோன்றும். அதற்குள் குக்கர் விசில் அடித்துவிடும். ஒரு தடவையும் அதன் மேல் நான் நின்றதில்லை. அத்தா மடித்த வலது முனை மடித்தபடியே இருந்தது. மடிப்பில் வெல்வெட்டு தேய்ந்து ஒரு வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது.

நேற்று சனிக்கிழமை. காலையில் அத்தாவிடமிருந்து குரல் செய்தி. “மத்தியானம் வீடியோல கூப்புடுதேன்மா. புள்ளையையும் வீட்டையும் பாக்கணும் போல இருக்கு.”

வீட்டைப் பார்க்கணும் என்றால் எதைக் காட்டச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். போய் அந்த முஸல்லாவின் முன்னால் நின்றேன். வலது முனையைப் பிரித்துவிட்டேன். கையால் நீவி அந்த வெள்ளைக் கோட்டை மறைக்கப் பார்த்தேன். பிறகு இடது முனையை மடித்து வைத்தேன். தினமும் ஆள் புழங்குகிற மாதிரி தெரிய வேண்டும், அவ்வளவுதான் யோசித்தேன். நிமிர்ந்தால் மாடிப்படியில் அஃப்ரா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. திரும்பி மேலே ஏறிப் போய்விட்டாள்.

அத்தா கூப்பிட்டார். அக்கா வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் மலை தெரிந்தது. சமையலறையைக் காட்டச் சொன்னார், தோட்டத்தைக் காட்டச் சொன்னார், வீட்டுக்காரர் எப்போது கரையேறுகிறார் என்று கேட்டார். கடைசியாகத்தான் கேட்டார்.

“முசல்லா கெடக்கா?”

“கெடக்குத்தா” என்று போனைத் திருப்பிக் காட்டினேன்.

அத்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எடது மொனையவா மடிக்குற?” என்றார். “உங்கம்மா எடது மொனையத்தான் மடிப்பா. நான் வலது. மடிப்பப் பாத்தே யாரு கடசியாத் தொழுததுன்னு தெரிஞ்சுக்கிருவோம். அவ போன பொறவு எடது மொனைய மடிச்சு நான் பாக்கவேயில்லம்மா.”

சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “சரிம்மா. நல்லாருங்க” என்று வைத்துவிட்டார்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அந்த முனையைப் பிரித்துவிட்டால் அவர் பார்த்தது இல்லாமல் போய்விடும். அப்படியே விட்டால் அவர் பார்த்தது பொய்யாகவே கிடக்கும். மாடியில் அஃப்ராவின் அறைக் கதவு திறந்திருந்தது.

கடிகாரத்தைப் பார்த்தேன். லுஹர் தொழுகைக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.